புனிதவதிக்குப் பிள்ளைகள் இல்லை

கனடாவின் அஜின்கோர்ட்டில், கார் திருத்தும் கராஜ் ஒன்றுக்கும் கேற்றரிங் சமையலறை ஒன்றுக்கும் நடுவில் இருக்கும் களஞ்சியத்தில் புனிதவதி வேலை செய்கிறாள். அதன் உரிமையாளர் கல்யாணசுந்தரம் சென்னைக்காரர். கண்ணாடி மணிகளை மொத்தமாக இறக்கிக் கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் விற்பவர். யூன் தொடங்கிச் செப்ரெம்பர் முடியும்வரை அங்கே மூச்சுவிட நேரமிராது. யூன் பூர்வகுடி மக்களைக் கொண்டாடும் மாதம். செப்ரெம்பர் கடைசி நாள், அவர்களுடைய பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோய் வதிவிடப் பள்ளிக்கூடங்களில் அடைத்ததை நாடு நினைவுகூரும் நாள். இந்த இரண்டுக்கும் பள்ளிக்கூடங்கள், நூலகங்கள், அலுவலகங்கள் எல்லாம், கூட்டமாக இருந்து அந்த மக்களின் முறையில் துணியில் மணி தைப்பதற்குப் பொருட்கள் கேட்கும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் பொதி. செம்மஞ்சள் மணியும் வெள்ளை மணியும், ஒரு துண்டுத் தடித்த துணி, மயிர்போல மெல்லிய ஊசி இரண்டு, அட்டையில் சுற்றிய நூல், நூலுக்குப் பூச ஒரு துண்டு மெழுகு, பின்னால் குத்த ஒரு பின். புனிதவதி நாள் முழுக்க நீள மேசை ஒன்றின் முன்னால் நின்று இவற்றைப் பொதி செய்வாள். அறுபது வயது தாண்டிவிட்டது. தனியாக இருக்கிறாள். மற்றவர்கள் பிள்ளைகளின் பட்டமளிப்பு, கலியாணம், பேரப்பிள்ளையின் முதலாம் பிறந்தநாள் என்று லீவு எடுப்பார்கள். அவள் எடுப்பதில்லை. புருஷன் ஊரில் ஷெல் விழுந்து செத்துவிட்டார், பிள்ளைகள் இல்லை என்பதுதான் அவளைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்தது. அவளே சொன்னதும் அதுதான்.

றோஸ்மேரி அந்தக் களஞ்சியத்துக்கு முதன்முதலாக வந்தது சண்டை பிடிக்க. ஹியூரன் ஏரிப் பக்கத்து அனிஷினாபே பூர்வகுடி மக்களைச் சேர்ந்தவள். புனிதவதியைவிட நாலைந்து வயது மூத்தவள். நகரத்தின் நடுவில் ஒரு கொம்யூனிற்றி சென்ரரில் மணி தைக்கும் குழு ஒன்றை நடத்துகிறாள். கல்யாணசுந்தரம் அந்த வருடம் பொதிகளுக்குள் போட்ட மாதிரிப் படம் நாட்டின் மேற்குக் கரையில் வாழும் வேறொரு மக்களின் செதுக்குத் தூண். இணையத்தில் யாரோ வரைந்ததை எடுத்து அச்சடித்திருந்தார். இது எங்களுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை, யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்று றோஸ்மேரி கேட்டாள். முதலாளி அன்று இல்லை. புனிதவதி திறந்த பெட்டிகளை எல்லாம் மேசையில் கொட்டி அந்தப் படங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற றோஸ்மேரியும் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவளோடு சேர்ந்து எடுத்தாள். அடுத்த வருடம் படத்தை வரைந்து கொடுத்தது றோஸ்மேரிக்குத் தெரிந்த அனிஷினாபே பெண். முதலாளி அவளுக்குரியதைக் கொடுத்துத்தான் வாங்கினார்.

அதிலிருந்து இருவருக்கும் பழக்கம். றோஸ்மேரி பொருட்கள் ஓடர் பண்ண வரும்போது புனிதவதியின் தேநீரைக் குடிப்பாள். குழுவுக்கு வந்து இருந்து பார் என்று பலமுறை கூப்பிட்டாள். புனிதவதி ஒவ்வொரு முறையும் வேலையைச் சொல்லித் தட்டிக் கழித்தாள்.

போன வருடத்துக்கு முந்திய கோடையில் அந்தக் குழு ஒரு பெரிய வேலையை எடுத்தது. நூலகச் சுவரில் தொங்கவிட ஒரு நீளத் துணி. அதிலே ஒவ்வொருவரும் ஒரு இலையோ பூவோ மணியால் தைத்துப் பொருத்த வேண்டும். அனுப்பிய பெட்டி ஒன்றில் ஊசி வைக்க மறந்துபோனது. தவறு புனிதவதியுடையது. ஒரு சனிக்கிழமை பகல் ஊசிகளை எடுத்துக்கொண்டு சப்வேயில் அவளே போனாள். கொடுத்துவிட்டுத் திரும்ப இருந்தவளைக் கதிரை ஒன்றை இழுத்துப்போட்டு இருத்திவிட்டார்கள்.

ஒரு ஊசியில் மணிகளைக் கோர்த்து வைக்க வேண்டும். மற்ற ஊசியால் இரண்டு மணிக்கு ஒரு தையலாகத் துணியோடு பிடிக்க வேண்டும். அவ்வளவு காலம் அந்த மணிகளைக் கையால் அள்ளியும் அவள் ஒன்றைத்தானும் தைத்ததில்லை. தைத்தது கோணலாகப் போனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மேசையைச் சுற்றிக் கதை வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. அப்போது றோஸ்மேரி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், தன்னை ஐந்து வயதில் அரசாங்கக் காரில் ஏற்றிக்கொண்டு போனதைச் சொன்னாள். தாயின் வீட்டில் தண்ணீர்க் குழாய் இல்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். தெற்கே ஒரு குடும்பத்தில் வளர்ந்தாள். வளர்ந்து தாயைத் தேடிப் போனபோது தாய் இறந்து நாலு மாதம்.

புனிதவதியின் கை நின்றுவிட்டது. பிறகு, யாரும் கேளாமலே, அவள் வாய் திறந்தது.

“எனக்கும் ஒரு பிள்ளை இருந்தது” என்றாள் ஆங்கிலத்தில். “அவையள் கொண்டுபோயிட்டினம்” என்று தமிழில் முடித்தாள். அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் றோஸ்மேரி எழுந்து வந்து பக்கத்தில் இருந்தாள்.

நடந்தது இதுதான்.

புனிதவதி கனடாவுக்கு வந்தபோது மகள் ரதிக்கு இரண்டு வயது. சென் ஜேம்ஸ் ரவுணில் அடுக்குமாடி ஒன்றில் ஒரு அறை. பின்னேரங்களில் கட்டடங்கள் துடைக்கிற வேலை. மேல்மாடியில் இருந்த ஒரு மனுசி பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். ரதிக்கு நாலு வயதான மாரியில் ஒருநாள் அந்த மனுசி காய்ச்சலில் படுத்துவிட்டாள். இன்னொரு நாள் வராவிட்டால் வேலை இல்லை என்று சுப்பவைசர் முந்தின வாரம்தான் சொல்லியிருந்தான். புனிதவதி பிள்ளைக்குச் சோறு தீத்தி, ரீவியைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள். போய் முகத்தைக் காட்டிவிட்டு, கெஞ்சிக் கேட்டு நேரத்தோடு திரும்பி வரலாம் என்று நினைத்தாள்.

வேறு மாடியில் யாரோ சட்டியை எரியவிட்டதில் கட்டடத்தின் நெருப்பு மணி அடித்தது. சனம் படியால் இறங்கியது. ரதி கதவைத் திறந்துகொண்டு அவர்களுக்குப் பின்னால் இறங்கி, வெறுங்காலோடு பனிக்குள் நின்றாள். நெருப்பணைக்க வந்தவர் அவளைத் தன் கோட்டுக்குள் சுற்றி எடுத்தார். யாருடைய பிள்ளை என்று கேட்டார்கள். புனிதவதி ஸ்ற்றீற்காரில் வந்து இறங்கி மேலே போனபோது கதவு திறந்து கிடந்தது. ரீவி ஓடிக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் நல அலுவலகம் ரதியை எடுத்து, ஆங்கிலம் பேசும் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தது. அதற்குப் பிறகு அலுவலகமும் நீதிமன்றமும்தான். நீதிமன்றத்தில் அவள் சொன்னது, “பிள்ளையைத் தனிய விட்டிட்டுப் போனது என்ரை பிழைதான்.” மொழிபெயர்த்தவர் ‘விட்டிட்டுப் போனது’ என்றதைக் ‘கைவிட்டது’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் சொன்னார். அந்தச் சொல் தாளில் ஏறியது. பிறகு வந்த ஒவ்வொருவரும் அந்தச் சொல்லையே வாசித்தார்கள். அதன் பொருள் அவளுக்கு விளங்கும் அளவுக்கு ஆங்கிலம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பிள்ளையைப் பார்க்க ஒரு அறை கொடுத்தார்கள். மூலையில் ஒரு அலுவலகப் பெண் இருப்பாள். தனக்கு விளங்க வேண்டும், ஆங்கிலத்தில் கதையுங்கள் என்பாள். புனிதவதிக்கு ஆங்கிலம் இல்லை. அதனால் பேசாமல் பிள்ளையின் தலையை இழுத்துப் பின்னிவிடுவாள். அவிழ்த்துத் திரும்பவும் பின்னுவாள். கொஞ்சக் காலத்தில் ரதி தமிழை மறந்துவிட்டாள். பிறகு அறைக்குள் வர அழத் தொடங்கினாள். பிள்ளை அழுகிறது என்று சந்திப்புகளைக் குறைத்தார்கள். ஆறு வயதில் அவளை வளர்த்த குடும்பத்துக்கே நிரந்தரமாகத் தத்துக் கொடுத்துவிட்டார்கள்.

பிள்ளை திரும்பி வந்தால் வசதியாக இருக்க வேண்டும் என்று, பக்கத்துக் கட்டடத்தில் தனி அறையுள்ள வீடொன்றை அதற்கு முன்பே புனிதவதி எடுத்திருந்தாள். அந்த அறையில் ஒருவரும் படுக்கவில்லை. பழைய கட்டடத்துச் சனத்தோடு கதையை விட்டாள். இரண்டு வருடம் கழித்து அடுத்த கதவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து குணவதி என்றொருத்தி குடிவந்தாள். லிஃப்ற்றுக்குள் வைத்து, பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டாள். இல்லை என்று புனிதவதி சொன்னாள். இருக்கிறது என்றால் எங்கே என்று கேட்பார்கள். எங்கே என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஒரு சொல்லோடு முடிந்தது. குணவதி நல்லவள். இருவரும் சகோதரிகள் மாதிரி ஆனார்கள். பிறகு புனிதவதி அஜின்கோர்ட்டுப் பக்கம் வீடு மாறிப் போனபோதும் அந்த உறவு விட்டுப்போகவில்லை. ஆனால் அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்கப் புனிதவதிக்கு ஒருபோதும் முடியவில்லை.

இதை எல்லாம் அவள் ஒரே நாளில் சொல்லவில்லை. பல சனிக்கிழமைகள் எடுத்தன. றோஸ்மேரி கேட்டுவிட்டு ஒருநாள் சொன்னாள்:

“உன்னுடையதும் எங்களுடையதும் ஒன்றில்லை. உன்னிடம் ஒரு பிழையைக் கண்டுபிடித்து எடுத்தார்கள். எங்களிடம் பிழை தேடவே இல்லை. வீடு வீடாக வந்தார்கள். இதை நான் சொல்லாமல் விடமாட்டேன். ஆனால் உன் மகள் உயிரோடு இருந்தால், நீ தேட வேண்டும்.”

தேடலாம் என்பதே புனிதவதிக்குத் தெரியாது. நீதிமன்றம் ஒருமுறை சொல்லிவிட்டால் அதோடு சரி என்று இருந்துவிட்டாள். தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளும் பெற்றவர்களும் தங்கள் பெயரைப் பதிந்து வைக்கலாம், இரண்டு பெயரும் பொருந்தினால் தொடர்பு கொடுப்பார்கள் என்று றோஸ்மேரி விளங்கப்படுத்தினாள். அவளே கூட்டிக்கொண்டுபோய்ப் பதிவித்தாள். மாதங்கள் போயின. தை மாதம், புனிதவதி களஞ்சியத்தில் பச்சை மணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. மறுபக்கத்துப் பெண் சொன்னதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். மகளின் பெயர் பல வருடங்களுக்கு முன்பே பதிவில் இருந்தது. சந்திக்கச் சம்மதித்திருக்கிறாள். விட்பியில் இருக்கிறாள். அஜின்கோர்ட்டிலிருந்து காரில் அரைமணி நேரம்தான்.

விட்பி ரெயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கோப்பிக் கடையில் சந்தித்தார்கள். புனிதவதி தனியாகத்தான் போனாள். முதல்நாள் ரோல்ஸ் பொரித்து எடுத்துப் போயிருந்தாள். உள்ளே வந்த பெண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தகப்பனின் உயரம். தகப்பன் மாதிரியே கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள். பெயர் இப்போது றேச்சல். பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை. கலியாணம் முடித்து இரண்டு பிள்ளைகள்.

ஆங்கிலத்தில்தான் கதைத்தார்கள். ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள் என்று மகள் நேராகவே கேட்டாள். புனிதவதி சுப்பவைசரையும் காய்ச்சல்கார மனுசியையும் நெருப்பு மணியையும் சொன்னாள். தான் செய்தது பிழை என்றும் சொன்னாள். தமிழில் என்றால் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பாள். மகள் குறுக்கிடாமல் கேட்டாள். தனக்கு நினைவிருப்பது அந்த மணிச் சத்தமும் குளிரும் மட்டும்தான் என்றாள். வளர்த்தவர்கள் நல்லவர்கள், அம்மா இரண்டு வருடத்துக்கு முன் இறந்துவிட்டார் என்றாள். அந்த ‘அம்மா’ தான் இல்லை என்பது விளங்கப் புனிதவதிக்கு ஒரு கணம் எடுத்தது.

பிறகு மகள் சொன்னாள்:

“எனக்கு இருபத்தொரு வயதில் உங்களைத் தேடி வந்தேன். வளர்த்த அம்மா உங்கள் பழைய முகவரியை வைத்திருந்தார். அந்தக் கட்டடத்துக்கு வந்து கதவைத் தட்டினேன். வேறு ஆட்கள் இருந்தார்கள். அடுத்த கதவில் ஒரு தமிழ் அம்மா வந்தா. உங்கள் பெயரைச் சொன்னேன். உங்களைத் தெரியும் என்றா. நான் அவருடைய மகள் என்றேன். புனிதவதிக்குப் பிள்ளைகள் இல்லை என்றா. நிச்சயமாகவா என்று கேட்டேன். நிச்சயம், அவரே சொன்னது என்றா.”

புனிதவதி ரோல்ஸ் பெட்டியின் மூடியைத் திறந்து திரும்பவும் மூடினாள்.

“பதிவில் இருந்த பெயரை எடுக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்” என்றாள் மகள். “எடுக்க மறந்துபோனேன். அதனால்தான் நாங்கள் இன்றைக்கு இங்கே இருக்கிறோம்.”

வெட்கத்தில் சொன்ன சொல் என்று புனிதவதி சொல்லிப் பார்த்தாள். நீ இல்லை என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை என்றாள். மகள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். ரோல்ஸில் ஒன்றை மரியாதைக்கு எடுத்துக் கடித்தாள். உறைப்பு அவளுக்கு ஒத்துவரவில்லை; தண்ணீர் குடித்தாள். என் பிள்ளைகளுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்வேனோ தெரியாது என்றாள். புனிதவதியின் நம்பரை வாங்கினாள். தன்னுடையதைக் கொடுக்கவில்லை. தேவை என்றால் ஃபோன் எடுக்கிறேன் என்று சொல்லி, வாகனத் தரிப்பிடத்தைக் கடந்து போனாள். புனிதவதி மிச்ச ரோல்ஸை மூடி எடுத்துக்கொண்டு ரெயில் ஏறினாள்.

அடுத்தநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் போனாள். குணவதி இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். முழங்கால் வருத்தம், அதிகம் வெளியே போவதில்லை. புனிதவதி கோட்டையும் கழற்றாமல் வாசலில் நின்றபடியே கேட்டாள்.

“குணம், கனகாலத்துக்கு முந்தி என்னைத் தேடி ஒரு பெட்டை வந்தவளோ?”

குணவதிக்கு உடனே நினைவு வந்தது. “ஓம் ஓம், வந்தவள். உயர்ந்த பெட்டை, தமிழ் தெரியாது. உங்கடை மகளாம் எண்டு சொன்னவள். நான் திகைச்சுப் போனன் அக்கா. உங்களுக்குப் பிள்ளையள் இல்லையெண்டு சொல்லி அனுப்பிப்போட்டன்.”

“ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?”

“எப்பிடிச் சொல்லுறது? பிள்ளை இல்லாத மனுசியிட்டைப் போய், உங்கடை மகள் எண்டு ஒருத்தி வந்தவள் எண்டு சொல்லேலுமே? நீங்கள் துக்கப்படுவியள் எண்டுதான் சொல்லேல்லை.”

புனிதவதி சப்பாத்து வைக்கும் பலகையில் அப்படியே இருந்துவிட்டாள். குணவதி அவளுடைய முகத்தைப் பார்த்தாள். ஏதோ விளங்கத் தொடங்கியது. கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தாள்.

“அக்கா, அது உங்கடை பிள்ளையோ?”

“ஓம்.”

“அந்தப் பிள்ளை அழுதவள் அக்கா” என்றாள் குணவதி. “நான் தண்ணி குடிக்கிறியோ எண்டு கேட்டனான். வேண்டாமெண்டு படியாலை இறங்கிப் போனவள். லிஃப்ற் நிக்குது எண்டு சொன்னன். அவள் படியாலைதான் போனவள்.”

இருவரும் அந்த ஒடுங்கிய வாசலில் வெகுநேரம் அழுதார்கள். குணவதி தன்னைத் தானே ஏசினாள். நீ சொன்னது நான் சொல்லித் தந்ததுதானே என்று புனிதவதி சொன்னாள். அதில் ஆறுதல் ஒன்றும் இருக்கவில்லை. அன்று மத்தியானம் குணவதி சோறு போட்டுக் கொடுத்தாள். புனிதவதி அதைப் பிசைந்தபடியே இருந்தாள்.

றோஸ்மேரிக்குச் செய்தி போனபோது அவள் களஞ்சியத்துக்குக் காரில் வந்தாள். உள்ளே வரவில்லை, புனிதவதியைக் கூப்பிட்டு முன்சீற்றில் ஏற்றிக்கொண்டாள். கார் அந்த இடத்திலேயே நின்றது. கராஜ்காரன் சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பூட்டி முடிக்கும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் றோஸ்மேரி, உன்மேல் கோபப்பட ஆள் மிச்சம் இருக்கிறது, எனக்கு ஒரு கல்லறைதான் கிடைத்தது என்றாள். பிறகு, அப்படிச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டாள்.

நூலகத்தில் அந்த நீளத் துணியைத் தொங்கவிட்ட நாளில் நிறையப் பேர் வந்தார்கள். மேளம் அடித்துப் பாடினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாங்கள் தைத்த பூ எது என்று தேடித் தேடிப் படம் எடுத்தார்கள். புனிதவதியின் இலை கீழே ஓரத்தில் இருந்தது. அவள் பதிவு அலுவலகம் மூலம் மகளுக்கும் அழைப்புச் சொல்லியிருந்தாள். பின்னேரம்வரை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கதிரைகளை அடுக்கத் தொடங்கியபோது தானும் சேர்ந்து அடுக்கினாள்.

இந்த வருடம் சித்திரையில் ஒரு புதன்கிழமை மகளிடமிருந்து அழைப்பு வந்தது. புனிதவதி கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டுக் களஞ்சியத்தின் பின்கதவுக்கு ஓடினாள். மகள் சுகம் கேட்டாள். பிறகு, வைத்தியர் சில விஷயங்கள் கேட்கிறார், குடும்பத்தில் என்னென்ன நோய் வருத்தங்கள் இருந்தன என்று தெரிய வேண்டும் என்றாள். உனக்கு என்ன செய்கிறது என்று புனிதவதி பதறிக் கேட்டாள். பெரிதாக ஒன்றும் இல்லை, வழமையாகக் கேட்பதுதான் என்றாள் மகள்.

புனிதவதி சொன்னாள். தனக்குச் சீனி வருத்தமும் பிறஷரும். தன் தாய்க்கு நெஞ்சு வருத்தம். தன் தகப்பனுக்குக் கடைசிக் காலத்தில் கண் தெரியவில்லை. சின்னம்மா ஒருத்திக்கு மார்பில் கட்டி. தெரியாத ஆங்கிலப் பெயர்களுக்கு உடம்பின் இடத்தைச் சொன்னாள். மகள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். அவ்வளவு நேரம் அவர்கள் ஒருபோதும் தொடர்ந்து கதைத்ததில்லை.

“அப்பாவுக்கு?” என்று மகள் கேட்டாள். “அவருக்கு என்ன வருத்தங்கள் இருந்தன?”

அவள் தகப்பனைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. புனிதவதி கராஜின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அவருடைய பெயர் இரத்தினவேல்” என்றாள். “அவருக்கு வருத்தம் வருகிற வயது வரவில்லை.”

அந்தப் பெயரை எப்படி எழுதுவது என்று மகள் கேட்டாள். புனிதவதி ஆங்கில எழுத்து எழுத்தாகச் சொன்னாள். நடுவில் ஒரு இடத்தில் பிழைத்துப்போய்த் திரும்ப முதலிலிருந்து சொன்னாள். மகள் நன்றி சொல்லி ஃபோனை வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஃபோன் எடுக்கவே இல்லை.